பிள்ளையை யார் வைத்துக்கொள்வது?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், சொந்தக்காரர் கல்யாணம் என்று சின்னப் பிள்ளைகளை ரயிலிலும் பஸ்சிலும் இழுத்துக்கொண்டு போவது பாவம். படிப்பும் கெட்டு, உடம்பும் கெட்டுத் திரும்பி வருகிறார்கள். பெரியவர்கள் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதாதா என்று கேட்டிருந்தார்.

படித்தபோது நியாயம்தானே என்றுதான் எனக்கும் பட்டது. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ‘பெரியவர்கள் மட்டும்’ என்றால் அதில் நான் இல்லையே! எங்கள் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மாமியாரும் இல்லை, அம்மாவும் பக்கத்தில் இல்லை. தாம்பரம் பக்கம் ஒரு வாடகைப் போர்ஷனில் நாங்கள் நாலு பேர்தான். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களோடு நானும் வீட்டில் இருப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய், மொய் எழுதி, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பி வருவார். அதுவும் என் பிறந்த வீட்டுப் பக்கத்துக் கல்யாணத்துக்கு!

அந்தச் சகோதரி சொன்ன கஷ்டம் எதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. அத்தனையும் அனுபவித்தவள் நான்.

2017-ல் திருநெல்வேலியில் என் தம்பி கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மீதி இரண்டு முடிச்சையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவாள். நாத்தனார் முடிச்சு என்பார்கள். எனக்கு அவன் ஒரே தம்பி, அவனுக்கு நான் ஒரே அக்கா. அவன் பத்தாவது படிக்கும்போதிருந்தே நான் கேலி பண்ணுவேன், “ஏலே, ஒழுங்கா இரு, ரெண்டு முடிச்சு என் கையில இருக்கு” என்று.

முகூர்த்தம் விடியக்காலம் நாலரை டு ஆறு. என் மகனுக்கு அப்போது பத்து மாதம். முந்தின ராத்திரி மண்டபத்தில் ஸ்பீக்கர் சத்தத்தில் பிள்ளை கண்ணை மூடவில்லை. நானும் மூடவில்லை. ஒரே ரூமில் பதினைந்து பேர், இருபது பெட்டி. காலையில் நான் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடைக்கு ஏறப்போகிற நேரம், அவனுக்கு வயிற்றால் போய்விட்டது. என் சேலையெல்லாம் ஆகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். அம்மா சம்பந்தி வீட்டாரோடு நின்றாள். சித்திமார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். இவரைக் காணவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். அங்கே குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது.

அவன் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது “கெட்டி மேளம், கெட்டி மேளம்” என்று சத்தம் கேட்டது.

ஈரச் சேலையோடு நான் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்து, ஆட்கள் அட்சதையைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மகள் அந்த இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல நேரம் போகிறது என்று அய்யர் அவசரப்படுத்தியிருக்கிறார். அம்மா என்னைப் பார்த்ததும், “எங்கட்டி போய்த் தொலைஞ்ச? உனக்காக எம்புட்டு நேரம்தான் காக்க முடியும்?” என்றாள். இவர் மூன்றாவது வரிசையில் என் அத்தானோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தாராம். “நீ மேடையில இருக்கேன்னுல்ல நெனச்சேன்” என்றார்.

அன்று ரூமுக்குப் போய், அந்தப் பத்து மாதக் குழந்தையின் முதுகில் நான் ஓர் அடி வைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் அழவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கல்யாண ஆல்பம் வந்தபோது பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ரிசப்ஷனில் ஒரு படத்தில் என் முதுகு தெரிகிறது.

அதற்குப் பிறகு கல்யாணம் என்றாலே எனக்கு வெறுத்துவிட்டது. பத்திரிகை வந்தால், “நீங்க போயிட்டு வாங்க” என்று இவரை அனுப்பிவிடுவேன். 2020-லும் 2021-லும் கொரோனா வந்து, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றார்கள். ஊரெல்லாம் வருத்தப்பட்டது. எனக்கு அது நல்ல சாக்கு. அதற்குள் மகளும் பிறந்துவிட்டாள். அப்புறம் கேட்கவா வேண்டும்?

இப்படி எத்தனை வருஷம் இருந்திருப்பேனோ தெரியாது. போன வருஷம் என் பெரியப்பா ஒரு வேலையாகச் சென்னைக்கு வந்தவர், எங்களைப் பார்க்க வந்தார். மகன்தான் கதவைத் திறந்தான். திறந்தவன் உள்ளே திரும்பி, “அம்மா, யாரோ ஒரு அங்கிள் வந்திருக்காரு” என்றான். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் அவர். அவர் சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். எனக்குத்தான் காபி ஆற்றும்போது கை நடுங்கியது.

அதனால்தான் போன ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு, காலாண்டுப் பரீட்சை வருகிறது என்று இவர் சொல்லியும் கேட்காமல், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் தப்பு டிக்கெட்டில் நடந்தது. ரயிலில் 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் தனி பெர்த்தும் கிடையாது. 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். பெர்த் வேண்டும் என்றால் பெரியவர்களுக்கு உள்ள முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். முன்பெல்லாம் அரை டிக்கெட்டிலேயே பெர்த்தும் தந்தார்கள். இவர், “சின்னப் பையன்தானே, நம்மோடு ஒட்டிப் படுத்துக்குவான்” என்று மகனுக்கு அரை டிக்கெட் போட்டுவிட்டார். மகளுக்கு நாலு வயது, அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆக நாலு பேருக்கு இரண்டு பெர்த்.

இவருக்கு மேல் பெர்த், எனக்குக் கீழ் பெர்த். மேலே பையனைப் படுக்க வைத்தால் விழுந்துவிடுவான் என்று பயம். கீழே இரண்டு பிள்ளைகளையும் தலைக்கொன்று காலுக்கொன்றாகப் படுக்க வைத்தால் எனக்கு உட்காரத்தான் இடம். நெல்லை எக்ஸ்பிரஸ் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று எங்கெங்கே நிற்கிறது என்று கேட்டால் இனி நான் தூக்கத்திலும் சொல்வேன். அந்த அரை டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு எவ்வளவோ, அதைவிட அதிகம் தைலத்துக்கும் முதுகு வலி மாத்திரைக்கும் ஆயிற்று. தோழியரே, கையில் முடிந்தால் பிள்ளைக்கு முழு டிக்கெட் போட்டுவிடுங்கள். 60 நாளுக்கு முன்பே டிக்கெட் திறந்துவிடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. நம் சொந்தக்காரர்கள் பத்திரிகையை 20 நாள் இருக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதுவரை காத்திருக்காமல், நிச்சயதார்த்தத்தில் தேதி சொன்ன அன்றே போட்டுவிட வேண்டும்.

ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் ஏறினோம். நான் பெண் பிள்ளை, இலவசம். மகள் 5 வயதுக்குள், அவளும் இலவசம். இவருக்கும் பையனுக்கும்தான் டிக்கெட். “ஆம்பளையா பொறந்தது தப்பாப் போச்சுடா” என்று இவர் பையனிடம் சொல்லிக்கொண்டே சில்லறை எடுத்தார். நாலு நாள் கழித்து நினைத்துப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்புதான். பாளையங்கோட்டைக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலம் வந்தது. பையன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, “இவ்வளவு தண்ணியாம்மா!” என்றான். தாமிரபரணியை அவன் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறான்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன்.

இந்த முறை முந்தின நாள் ராத்திரியே இவரிடம் சொல்லிவிட்டேன். “நாளைக்குக் காலையில பொண்ணை மேடைக்குக் கூட்டிட்டு வர்றது நான். விளக்கு பிடிக்கிறதும் நான். தாலி கட்டி முடியிறவரைக்கும் பிள்ளைங்க ரெண்டும் உங்க பொறுப்பு” என்று. இவர் உடனே, “நான் மொய் எழுதுற இடத்துல இருக்கணுமே” என்றார். “மொய் எழுத என் தம்பி இருக்கான்” என்றேன். “பொம்பளைங்க ரூமுக்குள்ள நான் எப்படி வர்றது? இதுங்க துணிமணியெல்லாம் அங்கதானே இருக்கு?” என்றார்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லத் திணறினேன். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. மண்டபத்தில் பிள்ளைகளின் பால், துணி, மருந்து எல்லாம் பெண்கள் ரூமில் இருக்கிறது. அங்கே ஆண்கள் நுழைய முடியாது. அதனாலேயே பிள்ளை நம் தலையில் விழுந்துவிடுகிறது. அப்புறம் யோசித்து, ஒரு தோள்பையில் பிள்ளைகளுக்கு இரண்டு செட் துணி, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பாலிதீன் கவர் இரண்டு, காய்ச்சல் மருந்து எல்லாம் வைத்து அவர் தோளிலேயே மாட்டிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலைதான். இந்த யோசனை எனக்கு 2017-லேயே வந்திருந்தால்!

காலையில் நான் விளக்கோடு மேடையில் நின்றேன். சித்தப்பா மகள் கை நடுங்கியது, பிடித்துக்கொண்டேன். இரண்டு அடி தூரத்தில் நின்று ஒரு தாலி கட்டுவதை முழுசாகப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நடுவில் மகள் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் இவர் மேடைக்குக் கீழே மகளைத் தூக்கிக்கொண்டு, தோளில் பையோடு, வேட்டியெல்லாம் நனைந்து நிற்கிறார். நான் இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். அங்கே உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “அய்யோ பாவம், பிள்ளைய வச்சுக்கிட்டு மாப்பிள்ளை கஷ்டப்படுதாரே” என்று ஒருத்தி மகளை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி பையனுக்குச் சாப்பாடு ஊட்டக் கூட்டிப்போனாள். இவருக்கு ஒருத்தி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பத்தே நிமிஷம்தான் அவர் பிள்ளைகளை வைத்திருந்தார், தோழியரே, பத்தே நிமிஷம்! அதே மண்டபத்தில், முந்தின நாள் பூரா நான் ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு அலைந்தபோது, ஒருத்தி “கொண்டா” என்று கை நீட்டவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, நீ சிங்காரிச்சுக்கிட்டு மேடையில நிக்க, மாப்பிள்ளை பிள்ளைக்குக் கழுவிக்கிட்டு நிக்காரு. பாக்க நல்லாவா இருக்கு?” என்றாள்.

உதவி செய்ய ஆள் இல்லாமல் இல்லை. ஆள் இருக்கிறது. பிள்ளை அப்பன் கையில் இருந்தால்தான் அவர்கள் கண்ணுக்குக் கஷ்டமாகத் தெரிகிறது. அம்மா கையில் இருந்தால் அது இயற்கை! பிள்ளைகளைக் கூட்டிவராதே என்று சொல்கிற சகோதரிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பிள்ளையால் கல்யாணம் கெடுவதில்லை. பிள்ளையை ஒருத்தி தலையில் மட்டும் கட்டிவிடுவதால்தான் அவளுக்குக் கல்யாணம் கெடுகிறது.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் ஆச்சியிடம் சொல்லிப் புலம்பினேன். அந்தக் காலத்தில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடக்கும், பக்கத்து வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் தூங்கும், யார் பிள்ளையை யாரும் பார்த்துக்கொள்வார்கள், இப்போது மண்டபத்தில் யார் யார் என்றே தெரியவில்லை என்று. எண்பது தாண்டிய ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பிள்ளையப் பாக்க ஆள் இருந்துச்சு, அது மெய்தான். ஆனா தாலி கட்டுறத நான் எங்க பாத்தேன்? எத்தன கல்யாணத்துக்குச் சோறு பொங்கியிருக்கேன். கெட்டி மேளம் கேட்டதும் அடுப்பங்கரையில இருந்தே அரிசிய வாசப் பக்கமா எறிவோம். மாப்பிள்ளை தலையில விழுந்துச்சோ, ஆட்டுக்குட்டி தலையில விழுந்துச்சோ.” சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணம் நடத்துகிற வீட்டாரிடமும் எனக்குக் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. மேடைக்குப் பூ அலங்காரத்துக்கு ஆகிற செலவைப் பார்க்கிறோம். அந்த மண்டபத்திலேயே ஒரு ரூமைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, நாலு பாய், நாலு தலையணை போட்டு, ஸ்பீக்கர் சத்தம் வராமல் கதவைச் சாத்தி வைக்கக் கூடாதா? காலேஜ் படிக்கிற பையன்களும் பெண்களும் செல்போனைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம் அங்கே இருக்கட்டும். இன்னொன்று சாப்பாடு. ரிசப்ஷன் பந்தி ஒன்பது மணிக்குப் போட்டால் நாலு வயதுப் பிள்ளை எப்போது சாப்பிடும், எப்போது தூங்கும்? அன்று ராத்திரி நான் சமையல்கட்டுக்கே போய், தவசிப்பிள்ளையிடம் கொஞ்சம் வெறும் சோறும் தயிரும் கேட்டேன். முகம் சுளிப்பாரோ என்று பயந்துதான் போனேன். அவரோ, “மொதல்லயே சொல்லப்படாதாம்மா, ஏழு மணிக்கே பிள்ளையளுக்குத் தனியா நாலு இட்லி ஊத்தியிருப்பனே” என்றார். சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி. எங்கள் ஊர்ச் சொதி வெளியூர்த் தோழியருக்குத் தெரியுமோ என்னவோ. தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைப்பது. கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். காரம் கிடையாது என்பதால் என் மகள் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டில் ஒரு கரண்டி சோற்றுக்கு ஊரைக் கூட்டுகிறவள்!

மகன் பந்தியில் உப்பு வைத்தான். இலை போடும்போது நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும் என்று பெரியப்பாதான் சொல்லிக் கொடுத்தார். ஒரு இலையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவன் நாக்கைக் கடிக்க, அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். ஊருக்குத் திரும்பும்போது ரயிலில், “பெரிய தாத்தா எப்போம்மா நம்ம வீட்டுக்கு வருவாரு?” என்று கேட்டான். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போயிற்று. கணக்கில் நாலு மார்க் குறைந்தது. குறையட்டும்.

வருகிற தை மாதம் தூத்துக்குடியில் என் தம்பி மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். அவள்தான் நாத்தனார் முடிச்சு போட வேண்டும். அவளுக்கு மூத்தது பள்ளிக்கூடம் போகிறது, இரண்டாவது எட்டு மாதக் கைக்குழந்தை. போன வாரம் போனில், “மைனி, இவன அன்னைக்கு என்ன செய்யப் போறேன்னே தெரியல, யார்ட்ட குடுக்க?” என்று கவலைப்பட்டாள். அவள் கழுத்தில் நான் போட்டிருக்க வேண்டிய முடிச்சைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே இதுவரை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

“எங்கிட்ட குடு. முகூர்த்தம் முடியிறவரைக்கும் நான் வச்சிருக்கேன்” என்றேன்.

மார்கழியில் என் மகளுக்கு 5 முடிகிறது, இனி அவளுக்கும் டிக்கெட் உண்டு. இவரை உட்கார வைத்துத்தான் முத்துநகர் எக்ஸ்பிரசில் டிக்கெட் போடச் சொன்னேன். “நாலு பேருக்கும் பெர்த்தா? நாலும் முழு டிக்கெட்டா?” என்று என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“நாலும்தான்” என்றேன். “அந்தத் தோள்பையும் வருது, அதுக்கு மட்டும் டிக்கெட் வேண்டாம்.”